வினையூக்கிக்குத் தைலக்காப்பு

20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் வந்தபின், எஞ்சின் வறண்டுவிடும் என்று அஞ்சும் சிலர் காரின் டேங்கில் 2டி ஆயிலை, அதாவது இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சின்களில் பெட்ரோலோடு சேர்ந்து எரிவதற்கென்றே தயாராகும் எண்ணெயை, ஊற்றும் பரிவு பாராட்டத்தக்கது. எஞ்சினின் அடியில் அதற்கென்றே சில லிட்டர் ஆயில் கிடப்பது இந்தப் பரிவுக்குத் தடையாவதில்லை. சிறிய அளவு உடனே கெடுதல் செய்யாது என்பதால், மூடியளவில் தொடங்கிப் பாட்டிலளவுக்கு முன்னேறுவதே மரபு.

எரியாமல் மிஞ்சும் எண்ணெய் புகைக்குழாயிலுள்ள வினையூக்கி மாற்றியை, அதாவது பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் பூசிய நுண்துளைப் பீங்கான் கட்டியை, அடைந்து கரியாகவும் சாம்பலாகவும் படிந்து, நச்சு வாயு எதுவும் அந்த விலையுயர்ந்த உலோகங்களைத் தீண்டாதபடி காக்கிறது. ஆக்சிஜன் சென்சாரும் மேல்பூச்சு பெற்று ஓய்வெடுக்கிறது. வினையூக்கியின் இதே உலோகப் பூச்சை ஈயம் கெடுத்ததும் ஒரு காரணமாக, 2000 பிப்ரவரியில் நாடெங்கும் ஈயப் பெட்ரோலை அரசு நிறுத்தியது. அந்த இழப்பைத் தனிமனிதர் சொந்தச் செலவில் ஈடுகட்டுவது சாதாரணத் தொண்டன்று.

பாலசமுத்திரத்துக் கார் ஒன்றுக்கு இந்தக் காப்பு முற்றி, டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு நிலைத்துவிட்டால், பழநியில் ஏதேனும் ஒரு மெக்கானிக் கட்டியையே கழற்றி வெறுங்குழாயைப் பொருத்த, வண்டி முன்னிலும் நன்றாக இழுக்கும். அந்தப் பெருமையும் எண்ணெய்க்கே சேரும். அடுத்த புகைச் சோதனைக்கும் அவசரமில்லை: பி.எஸ்.6 வாகனத்துக்குப் புகைச் சான்றிதழ் ஓராண்டு செல்லும்.