கை நிறைய ஊழியம்

ஜவ்வாது மலையில் இரண்டு பேர் தோளில் பையும் கழுத்தில் அட்டையுமாக ஒரு வீட்டு வாசலில் நின்றால், அந்த வீட்டு ஆயா மூன்றே கேள்வியில் ஆளை அளந்துவிடும். "லோன் வசூலா?" "இல்ல ஆயா." "கணக்கெடுக்க வந்தீங்களா?" "இல்ல ஆயா." "அப்ப அல்லேலூயாவா?" காது கேளாத பிள்ளைகளுக்கு வீடு தேடி வந்து பாடம் நடத்தும் சிறப்பாசிரியர் நான், கூட வந்திருக்கும் அண்ணன் பிசியோதெரபி பார்ப்பவர் என்று விளக்கிச் சொன்னால், நாலாவதாக ஒன்று வரும்: "இதுக்கெல்லாம் சம்பளம் குடுக்குறாங்களா?" முதல் மூன்றுக்கும் பதில் சொல்வது சுலபம்.

அல்லேலூயா என்ற சந்தேகத்தில் பாதி நியாயம் உண்டு. அமெரிக்காவில் யூட்டா மாநிலத்தைத் தலைமையிடமாகக் கொண்ட மார்மன் சபையில், பதினெட்டு வயதுப் பையன்கள் வெள்ளைச் சட்டை, டை, கறுப்புப் பேட்ஜ் சகிதம் இரண்டு வருட ஊழியத்துக்குக் கிளம்புகிறார்கள். செலவு குடும்பத்தோடது. ஊரைத் தேர்ந்தெடுக்க முடியாது, தலைமையகம் சொல்லும் இடத்துக்குப் போக வேண்டும். எங்கே போனாலும் ஜோடியாகத்தான் போக வேண்டும். மீசை அரும்பாத பையனுக்கும் 'எல்டர்', அதாவது பெரியவர், என்று பட்டம். பிரேசிலோ ஜப்பானோ வரும் என்று காத்திருக்கும் சிலருக்கு 'சைகை மொழி' என்று உத்தரவு வந்துவிடும். வாய் ஓயாமல் கடவுளைப் பற்றிப் பேசலாம் என்று கிளம்பிய பையனுக்கு, வாயை வீட்டிலேயே வைத்துவிட்டு வா என்று கட்டளை. அந்த மாநிலத்து ஆக்டன் நகரில் காது கேளாதவர்களுக்கென்றே 1917இல் ஒரு சபைக்கூடம் திறந்தார்கள். அங்கே ஜெபத்தின்போது கண்ணை மூடக் கூடாது. மூடினால் ஜெபம் கேட்காது.

எனக்கும் உத்தரவு வந்தது. ஆரணிப் பக்கம் கிடைக்கும் என்று நினைத்திருந்தேன், ஜமுனாமரத்தூர் கிடைத்தது. பாளையங்கோட்டையில் காது கேளாதோர் பள்ளியைத் தொடங்கிய மிஷனரி பிளாரன்ஸ் சுவைன்சன் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே கடல் தாண்டி வந்தார். அந்தப் பள்ளி இன்றும் அவர் பெயரில்தான் நடக்கிறது. நான் போளூரைத் தாண்டி மலையேறியதற்கே எங்கள் அம்மா மூக்கைச் சிந்தினார்.

சைகையில் பேச வாய் வேண்டாம், உண்மைதான். மற்றதெல்லாம் வேண்டும். இரண்டு கை, எதிரில் இருப்பவரின் கண், போதுமான வெளிச்சம். மழையில் குடை பிடித்தவனுக்குப் பேச்சு பாதியாகக் குறையும். பலாப்பழ சீசனில் சுளை எடுத்துக்கொண்டே பேசினால் வாக்கியங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். எங்களோடு சில கிராமங்களுக்கு ஒரு தையல்காரர் வருவார். காது கேளாதவர், சைகையில் மன்னன். பிள்ளைகளுக்கு உண்மையான வாத்தியார் அவர்தான். ஒற்றையடிப் பாதையில் முன்னால் போகும் அவர் பேச நினைத்தால் எங்களைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு பின்பக்கமாக நடப்பார். பள்ளம் வருகிறது என்று நாங்கள் கையை ஆட்டினால், தன் கதையை ரசிக்கிறோம் என்று எண்ணி இன்னும் வேகமாக நடப்பார்.

இருட்டு எங்களுக்குப் பரம எதிரி. ஆனால் இதே மலையில் காவலூரில் இருக்கும் வைணு பாப்பு வானாய்வகத்துக்கு அதுதான் மூலதனம். 1986இல் திறக்கப்பட்ட 2.34 மீட்டர் தொலைநோக்கி நட்சத்திரம் பார்க்க, சுற்றுவட்டாரம் கும்மிருட்டாக இருந்தால்தான் நல்லது. ஒரு ராத்திரி தையல்காரர் தன்னைத் துரத்திய கரடியின் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். கரடி பின்னங்காலில் எழுந்து நின்றது. கரண்ட் போனது. இருந்த ஒரே போனிலும் சார்ஜ் இல்லை. விஞ்ஞானிகள் மகிழ்ந்திருப்பார்கள். கரடி எந்தப் பக்கம் பாய்ந்தது என்று தெரிந்துகொள்ள நாங்கள் விடியும்வரை காத்திருந்தோம்.

காது கேளாதவர்கள் பெயரை எழுத்தெழுத்தாகச் சொல்லி நேரத்தை வீணாக்குவதில்லை. பார்த்ததும் எது கண்ணில் படுகிறதோ அதுவே பெயர். தழும்பு, வழுக்கை, மூக்குத்தி, எதற்கும் தாட்சண்யம் கிடையாது. பிசியோ அண்ணனின் பெயர் தொப்பை. என்னைக் குறிப்பிட, இரண்டு உள்ளங்கைகளையும் காதோரம் முறம்போல் விரித்து ஆட்டுவார்கள். காது கேளாதோர் ஆசிரியருக்குப் பெருங்காதன் என்று பட்டம் கொடுத்த குறும்பு தையல்காரருடையது.

எங்கள் ஊழியத்துக்கு ஓர் எதிர்மதம் உண்டு. 'அம்மா சொல்லு, அப்பா சொல்லு' என்பதே அதன் ஒரே மந்திரம். 1880இல் இத்தாலியின் மிலான் நகரில் காது கேளாதோர் கல்வி மாநாடு ஒன்று கூடியது. வந்தவர்கள் 164 பேர், அதில் காது கேளாதவர் ஒரே ஒருவர். பள்ளியில் வாய்ப்பேச்சுதான் வேண்டும், சைகை கூடாது என்று தீர்மானம் போட்டார்கள். அதைப் பிடித்துக்கொண்டு பல நாடுகளில் சைகை செய்த பிள்ளைகளின் கையைக் கட்டினார்கள், அடித்தார்கள். 2010இல் வான்கூவரில் கூடிய அதே மாநாடு வருத்தம் தெரிவித்தது. காது கேட்பவர்களுக்கு ஒரு விஷயம் காதில் ஏற 130 வருடம் ஆகியிருக்கிறது.

நல்லவேளை, மிலான் தீர்மானம் இந்த மலை ஏறவில்லை. பள்ளிக்கூடமே பார்க்காத ஒரு சிறுமி தனக்குத் தானே ஒரு மொழி செய்து வைத்திருந்தாள். மீசையை முறுக்கினால் ஃபாரஸ்ட்காரர். உள்ளங்கையில் உருட்டினால் சாமைக் களி. மூக்கைப் பொத்தினால் சாயங்காலத்துச் சித்தப்பா. தில்லியில் 2015இல் தொடங்கிய இந்தியச் சைகை மொழி மையத்தின் அகராதி 2021இல் பத்தாயிரம் சொற்களைத் தொட்டது. அதைப் போனில் காட்டி அவளை அசத்த நினைத்தேன். சைகை பத்தாயிரம் இருந்தது, சிக்னல் ஒன்றுகூட இல்லை.

அவளை மாற்ற எங்களுக்கு வேலையே இருக்கவில்லை. கையைக் காட்டினால் பிடித்துக்கொண்டாள். மாற்ற வேண்டியிருந்தது காது கேட்கிறவர்களைத்தான். "இத கத்துக்கினா அது வாயே தொறக்காது சார், காது மெஷின் குடுங்க, பேசிடும்" என்றார் அப்பா. மெஷினும் வரட்டும், கையும் பேசட்டும் என்று நாங்கள் எத்தனை டீ குடித்தாலும் மசியவில்லை. ஆயா ஒரே சாயங்காலத்தில் மனம் திரும்பியது. காணாமல் போன கோழி எந்த வீட்டுக் குழம்பில் இருக்கிறது என்று பேத்திக்குத் தெரியும், அவளைக் கேட்கத்தான் தனக்குத் தெரியவில்லை என்று புரிந்ததும், திண்ணையில் உட்கார்ந்து பாடம் கேட்க ஆரம்பித்துவிட்டது. ஊர் வம்பு அளவுக்கு வேகமாக எந்த மொழியையும் பரப்பக்கூடிய வேதம் கிடையாது.

எங்களிடம் சிக்கிய பெரிய மீன் போளூர் பஸ் கண்டக்டர். பிள்ளைகள் தனியாகப் பஸ்ஸில் வந்துபோக உதவுமே என்று 'எங்கே இறங்கணும்', 'பார்த்து இறங்கு' எல்லாம் சொல்லிக்கொடுத்தோம். அவர் தானாக விரும்பிக் கேட்டது ஒன்றைத்தான்: 'சில்லறை இல்லை.' இப்போது அதை எல்லாப் பயணிகளிடமும் காட்டுகிறார். வாயால் சொன்னால் சண்டைக்கு வருகிறவர்கள், கையால் சொன்னால் பதில் தெரியாமல் விழிக்கிறார்கள். போன வாரம் எனக்கும் காட்டினார். விடுவேனா, 'மீதி எங்கே?' என்று சுத்தமான சைகையில் கேட்டேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பி மலையை ரசிக்கத் தொடங்கினார். பார்க்காதவரிடம் சைகையில் பேச முடியாது என்பது நான் நடத்திய முதல் பாடம்.