சுட்ட கல்லும் பூசாத முகமும்

(கஹவத்தைப் பக்கம் ஒரு தோட்டம். கல்யாண வீட்டுக் காம்பராவில் பெண்ணுக்கு மேக்கப் நடக்கிறது. வாசலில் பெரியப்பா. தோட்டத்தில் பேர் போட்டு நாட்சம்பளத்துக்கு வேலை செய்த நாளைவிட மாணிக்கக் குழியில் இறங்கிய நாள்தான் அவருக்கு அதிகம்.)

பெரியப்பா: ஒரு மணித்தியாலமா தடவுற. புள்ள இன்னும் அதே மாதிரித்தானே இருக்கு?

தம்பி மகள்: அதுதான் பெரியப்பா வேலையே. நேச்சுரல் லுக்.

பெரியப்பா: அவ மொகத்த வாங்கி அவளுக்கே திருப்பிக் குடுக்கவா காசு? 2024லதான் நாட்சம்பளத்த 1350 ஆக்கினாங்க. நீ கேக்குறது பத்து நாள் பேர்.

தம்பி மகள்: தாடையோரமா மூணு நிறம் பூசி, பகல் வெளிச்சத்துல பாத்து, எது தோலோட தோலா காணாமப் போச்சோ அதத்தான் எடுத்தேன்.

பெரியப்பா: காணாமப் போற சாமானுக்குக் காசு! நல்ல ஏவாரம். ரெண்டு நிறம் வெள்ளையாப் போடேன். மாப்பிள்ள வீடு யட்டியாந்தோட்டையில இருந்து வருது.

தம்பி மகள்: மொகம் முந்திக்கிட்டு யட்டியாந்தோட்டைக்குப் போயிரும், கழுத்து கஹவத்தையிலயே நிக்கும். கடையில 'நேச்சுரல்'னு எழுதின டப்பா பூராவும் நம்மளவிட வெளுப்பு. யாரோட நேச்சுரலோ!

பெரியப்பா: டவுன்ல லேபல் இல்லாத கிரீம் ஒன்னு இருக்காமே. ஒரே வாரத்துல வெளுக்குதாம்.

தம்பி மகள்: அந்த மாதிரிக் கிரீம்லதான் பாதரசம் கலக்குறது. மொகம் வெளுக்கும், சிறுநீரகம் கெடும். 2025க்குப் பொறவு அழகுசாதனத்துல பாதரசமே சேக்கக் கூடாதுன்னு மினமாட்டா ஒப்பந்த நாடுகள் 2023ல முடிவு எடுத்தாச்சு.

பெரியப்பா: ஒன் பவுடர் மட்டும் என்னவாம்?

தம்பி மகள்: டால்க். அதுவும் கல்லுதான். ஒங்க நீலக்கல்லு கடினத்துல 9, இது 1. நகத்தால கீறலாம். எண்ணெய உறிஞ்சும். இந்தப் புழுக்கத்துக்கு நெத்தி, மூக்கு, தாடை போதும். கன்னத்துல அப்பினா ரொட்டி மாவு. மொதல்ல கிரீம் ஊறணும். பஃப்பால அமத்தணும், தேய்க்கக் கூடாது. மிச்சத்த பிரஷ்ஷால தட்டி விட்டுறணும்.

பெரியப்பா: போட்டோக்காரன் லைட் அடிப்பானே?

தம்பி மகள்: சிலிக்கா கூடுன பவுடர்னா ஃபிளாஷ்ல வெள்ளத் திட்டு தெரியும். நேத்தே போன்ல எடுத்துப் பாத்துட்டேன்.

பெரியப்பா: நாங்க கல்லுக்கு டோர்ச் அடிக்கிற மாதிரி. ஆனா நாங்க பொய் சொல்றதில்ல. நேச்சுரல்னா நேச்சுரல்.

தம்பி மகள்: போன மாசம் பால் மாதிரி ஒரு கெவுட கல்லு கொண்டாந்தீங்களே, எங்க அது?

பெரியப்பா: சூளைக்குப் போயிருக்கு. 1500 பாகைக்கு மேல சுட்டா நீலமாகும்.

தம்பி மகள்: சூளையில நீலச் சாயமா ஊத்துறாங்க?

பெரியப்பா: என்னா பேச்சு! இரும்பும் டைட்டேனியமும் கல்லுக்குள்ளயே இருக்கு. சூடு வெளிய கொண்டாருது, அவ்வளவுதான்.

தம்பி மகள்: அதே டைட்டேனியத்த ஒக்சைட்டாக்கி பவுடர்ல போட்டா வெளுப்பு. சரி, சுட்ட கல்லுன்னு சொல்லித்தான் விப்பீங்களா?

பெரியப்பா: கேட்டா சொல்லுவோம்.

தம்பி மகள்: மாமியார் கேட்டா நானும் சொல்றேன்.

பெரியப்பா: (உள்ளே எட்டிப் பார்த்து, குரலை இறக்கி) வீடியோக்காரன் வந்துட்டான். என் நெத்தி பளபளங்குது. அந்த டப்பாவுல எனக்குத் தோதா நிறம் இருக்கா புள்ள?

தம்பி மகள்: இருக்கு. ஒரு நாள் பேர்.