‘யாரு சார் இதைப் பண்ணது?’: வீட்டு வயரிங்கில் இடைச்செருகல்கள் குறித்த ஓர் ஆய்வு

சுவடிகளில் நேர்ந்த இடைச்செருகல், பாடபேதம், ஏடு பெயர்த்தவர் கைப்பிழை ஆகியவற்றைக் களைவதற்காகத் தமிழ்ப் பதிப்பாசிரியர்கள் நூறாண்டுக்கு மேலாகக் கண்ணைக் கெடுத்துக்கொண்டிருக்கிறார்கள். நாம் அன்றாடம் விரல் வைத்து வாசிக்கும் வீட்டு வயரிங் என்னும் பனுவலுக்கோ இன்றுவரை ஒரு செம்பதிப்பு இல்லை. காரணம் ஊகிக்கக்கூடியதே. சுவடியில் பிழையிருந்தால் பாட்டின் பொருள் கெடும். இங்கே பிழையிருந்தால் ஆய்வாளரே கெடுவார்.

இவ்வாய்வு எடுத்துக்கொண்டது, 1990களில் தரைத்தளம் மட்டும் கட்டி, மகனுக்குக் கல்யாணம் என்றதும் மாடி எழுப்பி, பேரன் பிறந்ததும் கீசரும் ஏ.சி.யும் மாட்டிய வகை வீடு. தமிழ்நாட்டில் எந்தத் தெருவில் நுழைந்தாலும் ஒன்று அகப்படும். ஹாலில் மரப்பட்டி வயரிங், படுக்கையறையில் பிளாஸ்டிக் கேசிங், மாடியில் சுவருக்குள் பைப் என்று மூன்று காலத்து நடை ஒரே கூரைக்குள் கலந்து கிடக்கும். நூலாசிரியர் வரலாறு “நமக்குத் தெரிஞ்ச பையன்தான்” என்ற ஒரே வரியோடு நின்றுவிடுகிறது.

தமிழ்நாட்டில் மின் உரிமம் வழங்கும் வாரியம் என்று ஒன்று உண்டு. வயர்மேனுக்கும் அவருடைய உதவியாளருக்கும் தகுதிச் சான்று தருவது அதுதான். புதிய இணைப்பு கேட்டுப் போனால், உரிமம் பெற்ற ஒப்பந்தக்காரரின் டெஸ்ட் ரிப்போர்ட்டையும் மின்வாரியத்தில் கேட்பார்கள். ஏற்பாட்டில் குறையில்லை. நடைமுறையில்தான், நூல் செய்பவர் ஒருவராகவும் சிறப்புப்பாயிரம் பாடிக் கையெழுத்திடுபவர் இன்னொருவராகவும் ஆகிவிடுவதுண்டு. பாயிரம் பாடியவர் நூலைப் பிரித்துப் பார்த்தாரா என்பது இலக்கிய உலகிலேயே கேட்கக்கூடாத கேள்வி.

இத்துறையில் முன்னாய்வுகள் எல்லாம் வாய்மொழியாகவே கிடைக்கின்றன. அவை யாவும் ஒரே வாக்கியம். புதிதாக வந்த எலக்ட்ரீஷியன் சுவிட்ச் போர்டின் நான்கு திருகைக் கழற்றி, பலகையை முன்னால் இழுத்து, உள்ளே டார்ச் அடித்துப் பார்த்து, நாக்கைச் ‘ச்சு’க் கொட்டிவிட்டுச் சொல்வார்: “யாரு சார் இதைப் பண்ணது?” இவ்வாக்கியத்தில் வியப்பு உண்டு, கண்டனம் உண்டு, கூலி ஏறப்போகிறது என்ற முன்னறிவிப்பும் உண்டு. அவர் வேலையை முடித்துப் போன சில ஆண்டுகளில் இன்னொருவர் வந்து, அவர் செய்ததைப் பார்த்து அதையே கேட்பார். அரிதாக, கேட்டவரே செய்தவராக இருப்பதும் உண்டு. வீட்டம்மா நினைவுபடுத்தினால், “அப்ப நீங்க அவசரப்படுத்துனீங்க இல்லக்கா” என்று தம் மூலத்துக்குத் தாமே உரை வகுப்பார்.

இனிப் பனுவலுக்குள் நுழைவோம். பேஸுக்குச் சிவப்பு, மஞ்சள், நீலம், நியூட்ரலுக்குக் கறுப்பு, எர்த்துக்குப் பச்சை என்பது இந்நாட்டில் நெடுங்கால வழக்கு. நம் ஆசிரியர் வண்ணபேதம் பாராட்டாதவர். கடையில் ஒரு காயில் கம்பி 90 மீட்டர். சிவப்பில் ஒரு காயில் வாங்கினார், வீடு முழுக்க அதையே இழுத்தார். எதைத் தொட்டால் உயிர் போகும், எதைத் தொட்டால் போகாது என்று பின்னால் வருபவருக்குச் சொல்லவே நிறம் வைத்தார்கள். எல்லாமே சிவப்பு என்றால் எச்சரிக்கை எங்கும் இருக்கிறது, ஆகவே எங்கும் இல்லை.

அடுத்தது கம்பிகள் புணரும் இடம். முறைப்படி அது ஜங்ஷன் பாக்ஸுக்குள், கனெக்டரில், திருகு இறுக்கி நடக்க வேண்டும். நம் ஆசிரியர் சுவருக்குள் நட்டநடுவே இரண்டு நுனிகளைச் சீவி, பிளேயரால் ஒன்றின்மேல் ஒன்றைத் திரித்து, கையில் கிடைத்ததைச் சுற்றிப் பூசி மூடிவிடுகிறார். கிடைத்தது இன்சுலேஷன் டேப்பாக இருந்தால் அது அந்த வீட்டின் நற்பேறு. செலோடேப்பும், காயத்துக்கு ஒட்டும் வெள்ளைப் பிளாஸ்திரியும், அபூர்வமாக ஜவுளிக்கடைப் பையின் ஒரு கீற்றும் வெளிப்படுவதுண்டு. தோன்றல், திரிதல், கெடுதல் என்று இலக்கணம் சொல்லும் மூன்று விகாரமும் இங்கே நிகழ்கின்றன. முதலில் கம்பி திரிகிறது, பிறகு பொறி தோன்றுகிறது, கடைசியில் பிரிட்ஜ் கெடுகிறது.

இது வேடிக்கைக்குச் சொன்னது, கணக்கு வேடிக்கையில்லை. 3 கிலோவாட் கீசர் 230 வோல்ட்டில் ஏறத்தாழ 13 ஆம்பியர் இழுக்கும். அந்தத் தளர்ந்த முறுக்கில் அரை ஓம் தடை இருந்தாலே போதும், 80 வாட்டுக்கு மேல் சூடு அந்த ஒரே புள்ளியில் பிறக்கும். ரேடியோ ரிப்பேர் கடையில் ஈயத்தை உருக்கும் சால்டரிங் அயன் 25 வாட். அதைப் போல மூன்று பங்குக்கு மேல் காய்ச்சலை ஜவுளிக்கடைப் பை சுற்றிச் சுவருக்குள் புதைத்துவிட்டு, நாம் தலைக்கு வெந்நீர் விட்டுக் குளித்துக்கொண்டிருக்கிறோம்.

இப்பனுவலின் உச்சமான இடைச்செருகல் எம்.சி.பி. பெட்டியில் நிகழ்கிறது. களத்தில் கேட்டது:

“கீசர் போட்டா அந்தக் குட்டி சுவிட்ச் விழுந்துடுது தம்பி.”

“ஆறு ஆம்பியர் போட்டு வச்சிருக்காங்கக்கா. முப்பத்திரண்டு போட்டுடறேன், அப்புறம் விழவே விழாது.”

சொன்ன சொல் தவறவில்லை. அப்புறம் விழவே இல்லை. எம்.சி.பி. காப்பது கீசரை அன்று, சுவருக்குள் ஓடும் கம்பியை. விளக்குக்கென இழுத்த 1 சதுர மில்லிமீட்டர் கம்பியில் கீசரை மாட்டியதே பிழை, அதற்கு 2.5 அல்லது 4 சதுர மில்லிமீட்டர் தனிக்கம்பி வேண்டும். அந்தப் பிழையைக் கண்டு எம்.சி.பி. தலைதலையாய் அடித்துக்கொண்டது. நம் ஆசிரியர் பிழையை விட்டுவிட்டு, அடித்துக்கொண்டதன் வாயை மூடினார். இனி அந்தக் கம்பியில் 30 ஆம்பியர் ஓடினாலும் ஆட்சேபிக்க ஆளில்லை. மின்னோட்டம் இரண்டு மடங்கானால் சூடு நான்கு மடங்காகும் என்ற விதிக்கும் நம் ஆசிரியருக்கும் அறிமுகமே இல்லை. 1924இல் ஜெர்மனியின் மான்ஹைமில் ஹூகோ ஸ்டோட்ஸ் இந்தத் தானே விழும் சுவிட்சை உருவாக்கியபோது, விழுவதையே குற்றமாகக் கருதும் ஒரு மரபு உலகில் எழும் என்று நினைத்திருக்கமாட்டார். இம்மரபு பழையதும்கூட. பீங்கான் பீஸ் கட்டைக் காலத்தில், பீஸ் அடிக்கடி போகிறது என்று பீஸ் கம்பிக்குப் பதிலாகச் செப்பு இழைகளை நாலாக மடித்து முறுக்கியவர்களே இவருடைய ஆசிரியப் பரம்பரை.

சுவிட்சைப் பேஸில் வைக்காமல் நியூட்ரலில் வைப்பது இன்னொரு பாடபேதம். வாசகருக்கு வித்தியாசமே தெரியாது: போட்டால் எரிகிறது, அணைத்தால் அணைகிறது. அணைத்தபின் ஹோல்டரில் மட்டும் 230 வோல்ட் விழித்துக்கொண்டிருக்கிறது. இரவில் விளக்கை அணைத்த பிறகும் எல்.இ.டி. பல்பு மினுக்கென்று மங்கலாக எரிந்தால், காத்து கருப்பு என்று முடிவுகட்டுமுன் இந்தப் பாடபேதத்தை ஐயுற இடமுண்டு.

எர்த் பற்றி எழுதவே கை கூசுகிறது. மூன்று ஓட்டை பிளக் பாயின்ட்டில் மேல் ஓட்டை பெரியது. பிளக்கின் மேல் பின் மற்றவற்றைவிட நீளம். உள்ளே போகும்போது எர்த் முதலில் பட வேண்டும், வெளியே வரும்போது கடைசியாக விட வேண்டும் என்று கருதிச் செய்தது. நம் வீடுகளில் அந்த மேல் ஓட்டையின் பயன், இரண்டு முனை சார்ஜர் நுழைய மறுக்கும்போது அதற்குள் பேனா மூடியைச் செருகி நெம்புவது. உள்ளே பலகையைக் கழற்றினால், எர்த் கம்பி சுருட்டி முடிச்சுப் போட்டு எங்கும் போகாமல் உட்கார்ந்திருக்கும். இதைவிடக் கொடிய வகை, எர்த் முனையையும் நியூட்ரல் முனையையும் ஒரு துண்டுக் கம்பியால் சேர்த்துவிடுவது. சோதித்தால் எர்த் இருப்பது போலவே காட்டும். என்றைக்காவது அந்த நியூட்ரல் எங்கோ அறுந்தால், பிரிட்ஜின் கதவுப்பிடி பேஸாகிவிடும்.

இத்தகைய பனுவலோடு நெடுங்காலம் வாழும் குடும்பங்களில் ஒரு செவிவழி மரபு உருவாகியிருப்பது கவனத்துக்குரியது. “மழைக்காலத்துல வராண்டா சுவிட்சைக் கையால தொடாதே, கரண்டிக் காம்பால தட்டு.” “மோட்டார் ஓடும்போது குழாயைத் தொட்டா லேசா சுர்ருங்கும், ஒண்ணும் செய்யாது.” “அந்த கிரைண்டருக்குச் செருப்பு போட்டுக்கிட்டுப் போ.” மாமியார் மருமகளுக்குச் சொல்லி, மருமகள் வேலைக்கு வரும் அக்காவுக்குச் சொல்லித் தலைமுறை தலைமுறையாக இது கைமாறுகிறது. ‘ஒண்ணும் செய்யாது’ என்பதை மட்டும் இவ்வாய்வாளர் ஏற்க மறுக்கிறார். 60 வாட் குண்டு பல்பு எரிய ஏறத்தாழ 260 மில்லிஆம்பியர் வேண்டும். உயிரைக் குடிக்க அதில் சிறு பங்கு போதும். 10 மில்லிஆம்பியர் அளவிலேயே, பிடித்த கை விட முடியாமல் இறுகிப்போகலாம். வீட்டுக்கென விற்கும் கசிவுக்காப்புச் சுவிட்சான ஆர்.சி.சி.பி. 30 மில்லிஆம்பியர் கசிந்தால் விழும்படி அமைத்திருப்பது அதனால்தான். ‘லேசா சுர்’ என்பது இதற்குமுன் கால் காய்ந்திருந்தது என்பதற்கு மட்டுமே சான்று.

ஆர்.சி.சி.பி.யின் கதியும் பெரும்பாலும் எம்.சி.பி.யின் கதிதான். கசிவு இருக்கும் வீட்டில் அதை மாட்டினால் நிமிடத்துக்கொருமுறை விழும். “இது சரியில்ல சார், டைரக்டா குடுத்துட்டேன்” என்பார். வீட்டில் அது ஒன்றுதான் சரியாக இருந்தது.

இங்கே இவ்வாய்வின் முடிபைச் சொல்லிவிடலாம். மோசமான வயரிங் ஆபத்தாவது அது வேலை செய்யாததால் அன்று, வேலை செய்வதால். எரியாத விளக்கு யாரையும் கொன்றதில்லை. “எரியுதா இல்லையா?” என்று கேட்டுக் காசு வாங்கிக்கொண்டு போகிறவரின் கேள்வியை நாமும் ஒரு பரிசோதனையாக ஏற்றுக்கொண்டோம், தவறு அங்கேதான் தொடங்குகிறது. வயரிங் எப்படி இருக்க வேண்டும் என்று ஐ.எஸ். 732உம், எர்த் எப்படி இருக்க வேண்டும் என்று ஐ.எஸ். 3043உம் பக்கம் பக்கமாகச் சொல்கின்றன. அவை எதிலும் ‘எரியுதா’ என்ற கேள்வியோடு சோதனை முடிவதில்லை.

அப்படியானால் செம்பதிப்புக் கொண்டுவருவது எப்படி? வாசகர் தாமே பலகையைக் கழற்றுவதை இவ்வாய்வாளர் பரிந்துரைக்கவில்லை. கழற்றியே ஆகவேண்டிய நேரம் வந்தால் சுவிட்சை நம்ப வேண்டாம், மெயினை இறக்குங்கள். டெஸ்டரையும் முழுக்க நம்ப வேண்டாம். கரண்ட் இருப்பது உறுதியான இடத்தில் முதலில் வைத்து, அது எரிகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். நியூட்ரல் அறுந்த வீட்டில் இரண்டு ஓட்டையிலும் டெஸ்டர் எரிந்து அனுபவசாலியையே குழப்பும். மற்றதெல்லாம் தகுதிச் சான்று உள்ளவர் வேலை. வரும்போது மெக்கர் கொண்டுவரச் சொல்லுங்கள். அதில் 500 வோல்ட் கொடுத்து, கம்பியின் உறை எவ்வளவு தாங்குகிறது என்று அளப்பார்கள். 1 மெகாஓமுக்குக் கீழே காட்டினால் அந்த லைன் தேறாது. மெக்கரா, எதுக்கு சார் என்று கேட்பவரைக் காபி கொடுத்து அனுப்பிவிடலாம். புதிதாகக் கம்பி இழுத்தால் பூச்சு வேலைக்கு முன் சுவரைச் செல்போனில் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள், அதுவே மூலச்சுவடி. வாடகை வீடு என்றால் வீட்டுக்காரர் “இத்தனை வருஷமா ஒண்ணும் ஆகலையே” என்பார். அதற்கு மறுமொழியாகக் குளியலறைக் குழாயைச் செருப்பில்லாமல் பிடித்துக்காட்டும்படி அவரையே அழைக்கலாம் என்றுதான் முதலில் எழுதினேன். சட்டச் சிக்கல் கருதி அடித்துவிட்டேன். மெக்கர் அளவை எழுதி வாங்கி, அந்தத் தாளை நீட்டுங்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். உங்கள் மெயின் பெட்டியில் ஆர்.சி.சி.பி. இருந்தால் அதன் முகத்தில் ‘டி’ எழுத்துப் போட்ட சின்னப் பொத்தான் ஒன்று இருக்கும். கரண்ட் இருக்கும்போது இன்றைக்கே அதை அழுத்திப் பாருங்கள். சட்டென்று விழ வேண்டும். விழவில்லையென்றாலும், அப்படி ஒரு பொத்தானே பெட்டியில் இல்லையென்றாலும், எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். தெரிஞ்ச பையனை வேண்டாம்.