8கே பாக்ஸே வாங்கு, பேராண்டி

டிவியில படம் பாக்க ஒரு பெட்டி வாங்கணுமாம், எது நல்ல பெட்டின்னு தெரிஞ்சுக்கிடத் தெனம் ராத்திரி ஒரு மணி வரைக்கும் யூடியூப்ல பெட்டி வீடியோவாப் பாத்துத் தள்ளுதியாம். ஒங்கம்மா போன்ல சொல்லி மூக்கைச் சிந்துதா. எனக்கு ஒரு வருத்தமும் இல்லலே. படம் பாக்காமலே ஒனக்குப் பொழுது போவுது, பெட்டிக் காசு மிச்சம். இன்னும் ஒரு வருசம் இப்பிடியே பாரு. அதுக்குள்ள அடுத்த மாடல் வந்துரும், மறுபடி மொதல்ல இருந்து ஆரம்பிக்கலாம்.

இருந்தாலும் வாயைத் தொறந்து கேட்டுட்ட. தாத்தனுக்கு இதுல என்ன தெரியும்னு நீ உள்ளுக்குள்ள சிரிச்சுக்கிட்டுத்தான் கேட்டிருப்ப. வீடியோ டெக்கையும் கலர் டிவியையும் வாடகைக்கு விட்டு, ராத்திரிக்கு மூணு படம்னு ஊர் ஊரா ஓட்டுன ஆளுலே நான். பொறவு டிஷ்ஷுக் கொடை நட்டேன், தென்னைக்குத் தென்னை கேபிள் இழுத்தேன், மாசம் பொறந்தா வீடு வீடா வசூலுக்குப் போனேன். இப்ப கம்பத்துல ஃபைபர் தொங்குது. படம் எந்த வழியா வீட்டுக்குள்ள வருது, நடுவழியில எவன் ஒக்காந்து பிடுங்குதான்னு ஒன்னை விட எனக்குக் கொஞ்சம் கூடத் தெரியும்.

ரெண்டாயிரத்துச் சொச்சத்துக்கு ஒரு பாக்ஸ் பாத்து வச்சிருக்கியாமே, அட்டையில தங்க எழுத்துல 8கேன்னு போட்டது? அதையே வாங்கு ராசா. 8கேன்னா குறுக்க 7,680 புள்ளி, நெடுக்க 4,320 புள்ளி. பெருக்கிப் பாத்தா 3 கோடியே 31 லட்சம். ஒன் வீட்டுல இருக்கது 32 இஞ்சு டிவி. 1,366க்கு 768, மொத்தமே பத்தரை லட்சம் புள்ளி. மிச்சம் 3 கோடியே 20 லட்சத்தை என்ன செய்வன்னு மட்டும் யோசிச்சு வச்சுக்கோ. சாக்குல கட்டிப் பரண்ல போட்டா ஒன் பிள்ளை காலத்துக்கு ஆவும்.

மாட்டுச் சந்தையில கொம்பைச் சீவி, எண்ணெய் தடவி, கழுத்துல சலங்கை கட்டி நிப்பாட்டியிருப்பான். வெவரம் தெரிஞ்சவன் நேராப் போயி வாயைப் பிளந்து பல்லைப் பாப்பான். இந்தப் பெட்டிக்கும் பல்லு உண்டு. அதுக்குப் பேரு வைட்வைன். எந்த அட்டையிலயும் தங்க எழுத்துல போட்டிருக்க மாட்டான்.

படக் கம்பெனிக்காரன் படத்தைப் பூட்டித்தான் அனுப்புதான். ஆண்ட்ராய்டு பெட்டிக்கெல்லாம் அந்தப் பூட்டு கூகுளோட வைட்வைன். அதுல எல்1, எல்2, எல்3ன்னு தரம் இருக்கு. எல்1ன்னா பூட்டைத் தொறக்கதும் படத்தை விரிக்கதும் சிப்புக்குள்ளேயே தனி அறையில நடக்கும். வெளிய இருந்து எவனும் கை விட முடியாது. எல்3ன்னா எல்லாம் சாஃப்ட்வேரோட சரி. அதை நம்பி எவன் நல்ல பிரிண்டு கொடுப்பான்? பெரும்பாலும் 480 வரியோட நிறுத்திக்கிடுவான். எல்1 இருந்தும் பத்தாது. நெட்ஃப்ளிக்ஸ்காரன் அந்த மாடலைத் தனியாச் சோதிச்சு, சரின்னு ஒத்துக்கிடணும். ஒன் 8கே பெட்டி இந்த ரெண்டு வாசலையும் மிதிச்சிருக்காது. ஆக 8கே பெட்டியில, பழைய டிவிடி தரத்துல, ஜம்முனு ஒக்காந்து படம் பாக்கலாம்.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. அந்தப் பெட்டிகள்ல பலதுல ஆண்ட்ராய்டு டிவியே இல்ல. போன்ல ஓடுற ஆண்ட்ராய்டைத் தூக்கிப் பெட்டிக்குள்ள போட்டு, டிவி மாதிரி ஒரு முகப்பை ஒட்டி வச்சிருப்பான். நெட்ஃப்ளிக்ஸும் போனுக்குச் செஞ்சதுதான். ரிமோட்டுல கீழ அமுக்குனா ஒண்ணும் நகராது. மவுஸ் பட்டனை அமுக்கணும், உடனே திரையில ஒரு அம்புக்குறி வரும். அதை நகட்டி நகட்டிப் படத்து மேல கொண்டு போயி நிப்பாட்டி ஓக்கே அமுக்கணும். அம்புக்குறி படத்தைத் தாண்டி ஓடும், திருப்பி இழுக்கணும். ஒங்கம்மாவுக்கு முட்டிவலி, வெளிய நடக்க முடியலைன்னு சொல்லுதால்ல? ஒக்காந்த எடத்துலயே ஓட விடு அவளை.

வெலை எப்பிடி இவ்வளவு கொறச்சலா இருக்குன்னு நீ ஒரு நாளாவது கேட்டியா? டெக்கு வாடகைக்கு விட்டவன் நான். அவன் ஒன் வீட்டு நெட்டையே வாடகைக்கு விடுதான். 2024 செப்டம்பர்ல டாக்டர் வெப்னு ரஷ்யாவுல வைரஸ் பிடிக்கிற கம்பெனி ஒண்ணு சொல்லுச்சு: 197 நாட்டுல, சுமார் 13 லட்சம் ஆண்ட்ராய்டு டிவி பெட்டிக்குள்ள ஒரே வைரஸ் குடியிருக்கு. அடுத்த வருசம் பேட்பாக்ஸ் 2.0ன்னு வேறொண்ணு. 2025 ஜூன்ல அமெரிக்காவுல எஃப்.பி.ஐ எச்சரிக்கை விட்டுச்சு, ஜூலையில கூகுளே கோர்ட்டுக்குப் போச்சு. ஒரு கோடிக்கும் மேல பெட்டி மாட்டியிருக்குன்னு கணக்கு. சிலதுல கடையில வாங்கும்போதே உள்ள இருக்கும். அந்தப் பெட்டி ஒனக்குத் தெரியாம வெளம்பரத்தை அமுக்கிக்கிட்டே இருக்கும். எவனோ எங்கேயோ செய்யுற திருட்டுத்தனம் ஒன் வீட்டு நெட்டு வழியாப் போவும். தடம் பாத்து வாரவன் ஒன் வீட்டு வாசல்லதான் வந்து நிப்பான். காப்பி போட்டுக் கொடு.

கனடாவுல நம்ம சொந்தக்காரன் ஒருத்தன் இருக்கான். அங்க தமிழ் சேனல் அத்தனையும் தெரியுற பெட்டி ஒண்ணை 'லைஃப்டைம்'னு சொல்லி வித்திருக்காங்க, இவனும் வாங்கியிருக்கான். யாரோட லைஃப்டைம்னு கேக்கலை. வித்தவன் கடையைச் சாத்துன அன்னைக்கு அந்த ஆயுசு முடிஞ்சுது. இதுக்கெல்லாம் கோடின்னு ஒரு சாஃப்ட்வேர் பேரைச் சொல்லி விக்காங்க. பாவம் அது. 2002ல எக்ஸ்பாக்ஸ்ல ஓட்டுறதுக்குப் பயலுவ சேந்து செஞ்சது, 2014லதான் கோடின்னு பேரு மாறுச்சு. ஒங்கிட்ட இருக்க படத்தை அது ஓட்டும். தானா ஒரு படமும் தராது.

சரி, நல்ல பெட்டியா நாலைச் சொல்லும்னு கேப்ப. பெட்டி கெடக்கட்டும், டிவியைச் சொல்லு. யூடியூப் தொறக்கதுக்குள்ள ஒங்கம்மா ரசம் வச்சு எறக்கிருதான்னு சொன்னால்ல? ஸ்மார்ட் டிவின்னு வாங்குனது. கண்ணாடி நல்லாத்தான் இருக்கு, உள்ள இருக்க மூளைக்கு வயசாயிட்டு. 2010, 2011ல வாங்குன சில சாம்சங் டிவிக்கு 2019 டிசம்பரோட நெட்ஃப்ளிக்ஸ் நின்னு போச்சு. டிவிக்கு ஒரு கோளாறும் இல்ல. இதுக்குத்தான் டிவி முதுகுல செருகுற ஸ்டிக்கு. டிவியை மாத்தாம மூளையை மட்டும் மாத்துத. இருவதாயிரத்துக்குப் புது டிவி வாங்கச் சொல்லுத கடைக்காரன் இதை ஒனக்குச் சொல்ல மாட்டான், அவன் பொழைப்பு அது.

ஒன் டிவிக்குச் சாதா எச்.டி ஸ்டிக்கு தாராளம். ஃபயர் டிவி ஸ்டிக்கு 2017ல நம்ம நாட்டுக்கு வந்தப்ப 3,999 ரூபா. இன்னைக்கும் அந்த ரகம் 1 ஜிபி ராம், 8 ஜிபி எடம்தான். கண்ட கண்ட ஆப்பையும் ஏத்துனா மூச்சு வாங்கும். தொறந்த ஒடனே அமேசான் வெளம்பரம் முகத்துல அடிக்கும். 2025ல வந்த 4கே செலக்ட்டுல வேகான்னு சொந்தமா ஒரு சிஸ்டம் போட்டுட்டான்; வெளி ஆப்பு எதையும் நீயா ஏத்த முடியாது. கூகுள் டிவி வகையறாவுல அந்தத் தொந்தரவு கம்மி, ஆனா வெளம்பரத்துக்கு அங்கயும் கொறைவில்ல. ரெண்டுல எதை எடுத்தாலும் ஒன் ஜோலி நடக்கும். இதுக்கு ராத்திரி ஒரு மணி வரைக்கும் முழிக்க வேண்டாம்.

மாட்டுறதுலதான் இருக்கு சூட்சுமம். பயலுவ எல்லாரும் ஸ்டிக்கை டிவிக்குப் பின்னாடி செருகி, கரண்டுக்கு டிவியிலயே இருக்க யூ.எஸ்.பி ஓட்டையில குத்திருவாங்க. ஒயர் தொங்காது, பாக்க லட்சணம். அந்த ஓட்டை பல டிவியில அரை ஆம்பியர்தான் தரும். ஸ்டிக்கோட வந்த அடாப்டர் ஒரு ஆம்பியர். மெனு பாக்குற வரைக்கும் ஒண்ணும் தெரியாது. வில்லன் மாட்டுத நேரம் பாத்து அணைஞ்சு, கம்பெனி பேரு மினுக்கும். நீ நெட்டுக்காரனுக்குப் போன் போட்டு ஏசுவ. அவன் பாவம், கம்பத்துல ஏறி நிப்பான்.

டப்பாக்குள்ள ஒரு சாண் நீளத்துக்கு ஒரு குட்டி எச்.டி.எம்.ஐ ஒயர் கெடக்கும். இதெதுக்குன்னு அட்டையோட தூக்கிப் போட்டுருவ. அதைப் போட்டா ஸ்டிக்கு டிவி முதுகுல ஒட்டாமத் தள்ளி நிக்கும், வைஃபை நல்லா வாங்கும், சூடும் கொறையும். ஒன் ஃபிளாட்டுல மேல கீழ எல்லா வீட்டு வைஃபையும் 2.4 கிகாஹெர்ட்ஸ்ல கெடந்து நசுங்குது. 5 கிகாஹெர்ட்ஸ்ல மாட்டு. அது வேகம், ஆனா செவுரு தாண்டச் சண்டித்தனம் பண்ணும். ரௌட்டரைப் பீரோ மேல இருந்து எறக்கி ஹால்ல வை. நெட்ஃப்ளிக்ஸ்காரன் கேக்கதே 1080க்கு 5 எம்.பி.பி.எஸ், 4கேக்கு 15. நீ 100 வாங்கி வச்சுக்கிட்டு நெட்டு பத்தலைன்னு பொலம்புத.

பிளானையும் பாத்துக்கோ. 149 ரூபா நெட்ஃப்ளிக்ஸ் போனுக்குத்தான், டிவியில வராது. 2021 டிசம்பர்ல வெலை கொறச்சப்பவே 4கே பிளான் 649 ரூபா. பெட்டியில 4கேன்னு எழுதியிருக்கேன்னு 199ல ஒக்காந்துக்கிட்டுக் கண்ணைக் கசக்காத.

நெட்டுக் கம்பெனிக்காரன் சும்மாத் தார பெட்டி ஒண்ணு அலமாரியில கெடக்கும்லா, மொதல்ல அதை மாட்டிப் பாரு. ஓடுனாச் செலவே இல்ல. கனெக்‌ஷனை மாத்துனா திருப்பிக் கொடுக்கணும், அவ்வளவுதான்.

ஆப்பிள் டிவி பத்தியும் கேட்டிருந்த. 2022ல வந்த மாடல் 14,900 ரூபா. முகப்புல வெளம்பரம் மொய்க்காது, வழுக்கிக்கிட்டு ஓடும், கொறை சொல்ல மனசு வரலை. டிவி என்ன வெலைன்னு ஒங்கப்பனைக் கேட்டுக்கிட்டு, அவன் மூஞ்சியைப் பாத்துட்டு அப்புறமா வாங்கு.

எதை வாங்குனாலும் எத்தனை வருசம் அப்டேட் தருவான்னு பாத்து வாங்கு. கூகுள் 2013ல குரோம்காஸ்ட்டை 35 டாலருக்கு எறக்குச்சு. உலகமே கொண்டாடுச்சு. 2015ல ரெண்டாவது வகை. 2025 மார்ச்சுல ஒருநாள் அந்த ரெண்டாவது வகை பூராவும் படுத்துட்டு. என்னன்னா, உள்ள ஒரு டிஜிட்டல் சான்றிதழ், பத்து வருசக் கெடு. கெடு முடிஞ்சதை எவனும் கவனிக்கலை. சில நாள் கழிச்சு எழுப்பி விட்டாங்க. அதுக்கு முன்னாடியே, 2024 ஆகஸ்டுல, குரோம்காஸ்ட்டு செய்யுறதையே நிறுத்தியாச்சு. இந்தப் பக்கம் என்விடியாக்காரன் 2015ல வித்த ஷீல்டு பெட்டிக்கு 2025லயும் அப்டேட் அனுப்புனான். அதை இங்க முறையா விக்கலை. நல்லது நம்ம தெருவுக்கு எப்ப வந்துருக்கு?

ரிமோட்டு விசயத்துல மட்டும் ஒங்கம்மா பேச்சைக் கேளு. டிவி செட்டிங்ஸ்ல எச்.டி.எம்.ஐ சி.ஈ.சின்னு ஒண்ணு இருக்கும். அந்தப் பேருலயே இருந்தா என்ன கேடு? சாம்சங்ல எனிநெட்+, எல்ஜியில சிம்ப்லிங்க், சோனியில பிராவியா சிங்க்னு ஆளுக்கொரு பேரு வச்சுத் தொலைச்சிருக்காங்க. அதை ஆன் பண்ணி விட்டா, ஸ்டிக்கு ரிமோட்டை அமுக்குனாலே டிவியும் எந்திரிக்கும், அணைச்சா ரெண்டும் அணையும். ஒங்கம்மா மடியில இப்ப மூணு ரிமோட்டு கெடக்கு. அதுல ஒண்ணு ஏசியோடதாம், படம் பாக்கும்போது அடிக்கடி குளுருதுங்கா.

ஆக, எல்1 இருக்க, நெட்ஃப்ளிக்ஸ் ஒத்துக்கிட்ட, சாதா எச்.டி ஸ்டிக்கு. நாலாயிரத்துக்கு மேல ஒரு பைசா போடாத. ஆடித் தள்ளுபடி, தீவாளித் தள்ளுபடின்னு எப்பிடியும் கொறைப்பான், அப்ப வாங்கு. வாங்கும்போது ரெண்டா வாங்கு. ஒண்ணை இங்க கூரியர்ல போட்டு விடு, இம்புட்டுச் சொன்னதுக்குக் கூலின்னு வச்சுக்கோ. எங்க டிவியில ரெண்டு எச்.டி.எம்.ஐ ஓட்டை; ஒண்ணுல செட்டாப் பாக்ஸ், இன்னொண்ணு சும்மாத்தான் கெடக்கு.