1781 மாமா

ஆற்காட்டுக்காரரிடம் போர் என்று வாயைத் திறந்து பாருங்கள், 1751 என்பார். வந்தவாசிக்காரர் 1760 என்பார். பரங்கிப்பேட்டைக்காரர் இருவரையும் கையமர்த்திவிட்டு, '1781, ஜூலை 1' என்று தேதியோடு சொல்வார். ஊருக்கு ஒரு சண்டை, சண்டைக்கு ஒரு தர்மகர்த்தா. இவர்கள் உள்ளூரில் இருக்கும்வரை யாருக்கும் தொந்தரவில்லை. டிக்கெட் எடுத்து அனுப்பி, வெளிநாட்டுப் போர் அருங்காட்சியகத்தில் கொண்டுபோய் நிறுத்தினால்தான் விஷயம் தெரியும். என் பரங்கிப்பேட்டை மாமாவை நான் நிறுத்தினேன். சிங்கப்பூரில்.

மாமாவுக்கு முழுக்கை வெள்ளைச் சட்டை, மஞ்சள் பை, பைக்குள் முறுக்கு. முதல் நாள் செந்தோசா தீவு, சிலோசோ கோட்டை. பீரங்கிகள் கடலைப் பார்த்து நின்றன.

"இதை இப்படி வச்சுட்டு, சப்பான்காரன் எந்தப் பக்கம் வந்தான்?"

"வடக்கே, மலாயா வழியா. தரைப்பக்கம்."

மாமா பீரங்கியைத் தட்டிக்கொடுத்தார். "எங்க ஊர்ல நேர்மாறு. ஐதர் அலி கடலூர்ப் பாதையை மறிச்சுப் பீரங்கியை நிறுத்திட்டு உக்காந்திருக்காரு. ஐயர்கூட்டு என்ன பண்ணான்? கடலோரமா, மணல்மேட்டு மறைவுல சுத்திக்கிட்டு வந்துட்டான்."

ஆங்கிலத் தளபதியின் பெயர் அயர் கூட். மாமாவின் வாயில் அவர் பூசணிக்காய்ப் பதார்த்தமாகிவிடுவார். மற்றபடி சொன்னது சரி. சிங்கப்பூர் விஷயத்தில்தான் ஒரு திருத்தம்: அந்தப் பீரங்கிகளில் பல தரைப்பக்கமும் திரும்பக்கூடியவை; ஆனால் இருந்த குண்டுகளில் பெரும்பாலானவை கப்பலைத் துளைப்பதற்கானவை. இதை நான் எடுத்துச் சொன்னபோது மாமா முறுக்கைக் கடித்துக்கொண்டிருந்தார்.

நான் பிறந்தது சிதம்பரம். சும்மா இருக்க முடியுமா? "அதுக்குப் பதிமூணு நாள் முன்னாடி, ஜூன் 18ல, எங்க கோயில் மதில்ல மோதி அடிவாங்கிட்டுத்தானே கூட் உங்க ஊருக்கு வந்தான்?"

"அது சண்டையில்லடா மாப்ளே, ஒத்திகை."

மறுநாள் அப்பர் புக்கித் தீமா சாலையில் பழைய ஃபோர்டு தொழிற்சாலை. 1942 பிப்ரவரி 15 அன்று ஆங்கிலத் தளபதி பெர்சிவல் சப்பானியத் தளபதி யமஷிதாவிடம் சரணடைந்த இடம். மாமா ஒவ்வொரு கண்ணாடிப் பெட்டிக்கும் ஊரிலிருந்து ஒரு பதில் கொண்டுவந்திருந்தார். சப்பானியர் அச்சிட்ட வாழைமர நோட்டைப் பார்த்து, "எங்க ஊர் பேர்ல பொன் வராகனே இருந்துச்சு. இவன் வாழைக்குலையைப் போட்டுருக்கான்" என்றார். உண்மைதான்; பரங்கிப்பேட்டை வராகன் என்று நாணயம் இருந்தது. அதற்கும் போருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால், "கேக்காதே, பாத்துக்கிட்டு வா."

பெரிய காயம் சரணடைந்த அறையில்தான் பட்டது. மேசையைக் கும்பிடுகிற மாதிரி நின்றவர், அறிவிப்பை நான் மொழிபெயர்த்ததும் பின்வாங்கினார். அது நகல். அசல் ஆஸ்திரேலியாவில், கேன்பரா போர் நினைவகத்தில் இருக்கிறது.

"மேசையையே காப்பாத்தத் தெரியல. இதுக்கு ஒரு மியூசியம்!"

அங்கிருந்த பெண் புன்னகையோடு எந்த ஊர் என்று கேட்டாள். மாமா விடுவாரா? ஐதர் குன்றின்மேல் முக்காலியில் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்ததும், தோல்வி உறுதியான பிறகும் எழ மறுத்ததும், கடைசியில் குதிரைக்காரக் கிழவன் ஒருவன் அவர் காலில் செருப்பை மாட்டி, நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று தேற்றிக் கிளப்பியதும் - இந்தக் கதை வில்க்ஸ் என்ற ஆங்கிலேயர் எழுதிய மைசூர் வரலாற்றில் இருக்கிறது - எல்லாம் அபிநயத்தோடு வந்தது. மொழிபெயர்த்த எனக்கு நாக்கு வறண்டது. அவள் கைதட்டினாள்.

"மாமா, ஒண்ணு கேக்கவா? நீங்க ஐதர் கட்சியா, கூட் கட்சியா?"

"இங்கே ஐதர் கட்சி." கொஞ்சம் யோசித்தார். "லண்டன்ல சின்னவன் இருக்கான்ல, அங்கே போனா கூட்டு கட்சி. வெஸ்ட்மினிஸ்டர்ல அவனுக்குப் பெரிய சிலைமண்டபமே வச்சிருக்காங்களாம். நம்ம ஊர்ல சண்டை நடக்கலேன்னா வச்சிருப்பானா?"

வந்தவாசியில் வென்றவரும் இதே கூட்தான். அதை அங்கே சொல்லவில்லை. வந்தவாசிக்காரர் காதில் விழுந்தால், மாமாவின் சிலைமண்டபத்தில் பாதியைக் கேட்டு வந்துவிடுவார்.

மாமா ஊர் திரும்பியதும் நானும் விடுப்பில் அங்கே போயிருந்தேன். சண்டை நடந்த இடத்தைக் காட்டச் சொன்னேன். மாமா திண்ணையில் இருந்தபடியே வடக்கே கையை நீட்டினார். "அந்தச் சவுக்குத் தோப்பு தாண்டி, சாமியார்பேட்டைப் பக்கம் எங்கியோ."

"போயிருக்கீங்களா?"

"வெயில் தாழட்டும்டா."

அது சித்திரை. இப்போது ஐப்பசி, மழை பிடித்துக்கொண்டது. நேற்று மாமா போன் செய்தார். ஆஸ்திரேலிய விசா வந்துவிட்டதாம். மேசையை நேரில் பார்த்துவிட்டுத்தான் மறுவேலை.