திருத்தம்

"மனே, எழும்பிற்றியா? மூணாம் பக்கம், ஏழாம் வரி. 'தோணி' எண்டு கிடக்கு. 'வள்ளம்' எண்டு மாத்தச் சொல்லி அவங்களுக்கு ஒரு கடிதம் போடு."

காலை ஐந்தே முக்கால். படலைக்கு வெளியே, சைக்கிளில் இருந்தபடியே ஒரு காலை ஊன்றிக்கொண்டு நிற்பார். சட்டைப் பையில் இரண்டு பேனை, ஒன்று சிவப்பு. கதை கொழும்புக்குப் போய் இன்னும் பன்னிரண்டு மணித்தியாலம் ஆகவில்லை.

இவரை உங்களுக்குத் தெரியும். மட்டக்களப்பு எழுவான்கரையில் ஊருக்கு ஒருவர், படுவான்கரையில் ஊருக்கு ஒருவர், புளியந்தீவுக்குள் மட்டும் தெருவுக்கு ஒருவர். பத்திரிகைக்குக் கதை அனுப்பிவிட்டு இருப்பவர். அனுப்பிவிட்டு இருப்பது நம் பக்கத்தில் ஓர் உத்தியோகம். சம்பளமும் இல்லை, லீவும் இல்லை. எங்கே கண்டாலும், "கொழும்புக்கு ஒரு கதை போயிரிக்கி" என்பார், நேர்முகப் பரீட்சைக்குப் பிள்ளையை ரயிலேற்றிவிட்டு வந்த தகப்பன் மாதிரி.

நான் எழுதுவது இவர்கள் எல்லாரையும் பற்றித்தான். உதாரணத்துக்கு ஒருவர் வேண்டும் என்பதற்காக, எட்டாம் வகுப்பில் எனக்குத் தமிழ் படிப்பித்தவரை எடுத்துக்கொள்கிறேன். பெயர் வேண்டாம், சேர் என்றே இருக்கட்டும். சேருக்கு ஈமெயில் இல்லை. எனக்கு இருக்கிறது. என் கஷ்டம் முழுவதும் இந்த இரண்டு வசனத்துக்குள் அடங்கிவிடும்.

தோணி ஏன் வள்ளமாக வேண்டும் என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. மூதூர் வ. அ. இராசரத்தினம் 'தோணி' என்று ஒரு கதை எழுதிப் பேரெடுத்துவிட்டாராம். அந்தப் பேரில் ஒரு தொகுதியும் இருக்கிறதாம். இனி கிழக்கு மாகாணத்தில் யார் கதையில் தோணி மிதந்தாலும் அவரைப் பார்த்து எழுதியது என்று பத்திரிகை ஆசிரியர் நினைத்துக்கொள்வாராம். சரி என்று வள்ளம் ஆக்கி அனுப்பினேன். மூன்றாம் நாள் சைக்கிள் வந்தது. "வள்ளம் கடலுக்கு, மனே. நம்மட ஆத்துக்குத் தோணிதான். அந்தக் கடிதத்த எடுக்க வேணாம் எண்டு எழுது." எழுதினேன். ஆக, இரண்டு கடிதம் போட்டு கதை பழைய இடத்துக்கே வந்து சேர்ந்திருந்தது.

மறுகா, செல்லம்மா என்ற பாத்திரம் தங்கம்மா ஆக வேண்டும். அவர் ஒழுங்கையில் ஒரு செல்லம்மா இருக்கிறா, கிணற்றுத் தண்ணீர் விஷயத்தில் பேச்சுவார்த்தை இல்லை. ஐந்து பக்கத்தில் செல்லம்மா முப்பத்தொரு இடத்தில் வருகிறா. முழுக் கதையையும் திரும்ப அனுப்பிவிடுவோமே என்றேன். முகம் சுருங்கிப்போயிற்று. "முழுக்க அனுப்பினா புதுக் கதை எண்டு நினைச்சு வரிசையில கடைசியில போட்டிருவாங்கள். முந்தி அனுப்பின திகதி போயிரும்." முப்பத்தொரு இடத்துக்கும் பக்கமும் வரியும் போட்டு ஓர் அட்டவணை செய்தோம். முப்பத்திரண்டாவதாக ஒரு செல்லம்மா ஒளிந்திருந்தது அடுத்த வாரம் தெரியவந்தது. அதற்குத் தனியாக ஒன்று.

பிறகு ஓர் ஆச்சரியக்குறி முற்றுப்புள்ளியானது. பிறகு, ஆற்றில் வலை வீசுகிற மனுசன் இறால் பிடித்தானா நண்டு பிடித்தானா என்று ஒரு கிழமை யோசித்தார். நண்டு என்றால் வறுமை தெரியாது, இந்தக் காலத்தில் நண்டு வசதியானவன் சாப்பாடு. இறாலும் அப்படித்தான். கடைசியில் அவன் ஒன்றும் பிடிக்கவில்லை என்று திருத்தி அனுப்பினோம். கதை அதனால் கொஞ்சம் நன்றாகத்தான் ஆனது. அது வேறு விஷயம்.

ஆறாவது கடிதத்தை அடிக்கும்போதுதான் எனக்குப் புத்தி வந்தது. இது திருத்தமே இல்லை. என் கதை என்னவாயிற்று என்று கேட்கிற கடிதம். நேரே கேட்க அவரால் இயலாது. முப்பத்தினான்கு வருஷம் மற்றவனைக் கதிரை மேல் ஏறி நிற்கச் சொன்ன மனிதர், ஓர் ஆசிரியர் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு, "ஐயா, பார்த்தீர்களா?" என்று எப்படிக் கேட்பார்? ஆனால் திருத்துவது அவர் தொழில். சிவப்புப் பேனையோடு எந்த வாசலுக்கும் போகலாம், மரியாதை குறையாது. தோணி வள்ளமானதும் வள்ளம் தோணியானதும் அங்கே ஒருவர் அந்தக் கோப்பைத் திறந்து மூன்றாம் பக்கம் ஏழாம் வரியை ஒருதரம் பார்க்கவேண்டும் என்பதற்காகத்தான்.

இந்தக் கலை ஈமெயிலுக்கு முந்தியது. தமிழ்நாட்டுச் சஞ்சிகைகளுக்கு அனுப்பிய காலத்தில், கதை திரும்பி வரவேண்டுமானால் முகவரி எழுதி முத்திரை ஒட்டிய உறை வைக்க வேண்டும் என்பது சட்டம். நம் முத்திரையை ஒட்டினால் மெட்ராஸ் தபால்பெட்டி அதைச் சீண்டாது. இதற்கென்றே 1907 முதல் உலகத் தபால்காரர்கள் சர்வதேச மறுமொழிக் கூப்பன் என்று ஒன்றை விற்றார்கள். சேர் ஒரு தபால் கந்தோரில் அதைக் கேட்டபோது, உள்ளே இருந்தவர் லொத்தர் சீட்டு என்று நினைத்து வெளியே கை காட்டினாராம். அதற்குப் பிறகு திருச்சி, மெட்ராஸ் போய் வருகிற ஒவ்வொருவரிடமும் இந்திய முத்திரை வாங்கிவரச் சொல்லுவார். சேலை வாங்கிவரச் சொல்லுகிற மனைவிமார் உள்ள ஊரில் முத்திரை வாங்கிவரச் சொன்ன ஒரே ஆள். அந்த முத்திரை ஒட்டிய உறைகளில் ஒன்றே ஒன்று திரும்பி வந்தது. உள்ளே அச்சடித்த ஒரு துண்டு. பொலித்தீன் உறையில் போட்டு, பிறப்புச் சாட்சிப் பத்திரத்தோடு அலுமாரியில் வைத்திருக்கிறார்.

"நிராகரிச்ச கடிதத்தையா சேர் இவ்வளவு பத்திரமா வைச்சிரிக்கிறயள்?"

"ஆர் சொன்னது நிராகரிப்பு எண்டு? வாசிச்சுப் பார். 'பிரசுரிக்க இயலாமைக்கு வருந்துகிறோம்.' வருந்தியிரிக்காங்கள், மனே."

அவர் கணக்கில் அவரை யாரும் இதுவரை நிராகரித்ததே இல்லை. ஒருவர் வருந்தினார், மற்ற எல்லாரும் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார்கள். "வேணாம் எண்டா உடன சொல்லியிரிப்பாங்கள்" என்பது அவருடைய தத்துவம். ஹாரி பொட்டரைப் பன்னிரண்டு பதிப்பகங்கள் திருப்பி அனுப்பிய கதையை நான் ஒருதரம் ஆறுதலுக்குச் சொன்னேன். அதை எழுதிய பெண்ணுக்காக மெய்யாகவே கவலைப்பட்டார். "பன்ரெண்டு பேரா! பாவம். எனக்கு அப்பிடி ஒண்டும் நடக்கல்ல."

ஞாயிற்றுக்கிழமைகளில் பத்திரிகைக் கடையில் கதைப் பக்கத்தை மட்டும் பிரித்துப் பார்த்துவிட்டு, மடிப்புக் கலையாமல் வைத்துவிட்டு வருவார். கடைக்காரர் பழகிவிட்டார். அதை விடுவோம்.

விபுலானந்த அடிகளையும் இழுப்பார். இழுக்காத மட்டக்களப்பு எழுத்தாளர் கிடையாது. காரைதீவில் 1892இல் பிறந்தவர், அவர் எழுதிய யாழ்நூலை 1947இல் கரந்தைத் தமிழ்ச் சங்கம் வெளியிட்டது, அடுத்த மாதமே அடிகள் போய்விட்டார். கல்லடி உப்போடையில் சமாதி. "அடிகளே எத்தின வருசம் இருந்தவர்!" என்பார் சேர். அடிகள் சும்மா இருக்கவில்லை சேர், வருஷக் கணக்காய்ச் சுருதிக் கணக்குப் போட்டுக்கொண்டு இருந்தார் என்றால், "நானும் சும்மாவா இரிக்கிறன்?" என்று சிவப்புப் பேனையைத் தொட்டுக் காட்டுவார்.

அவர் வாயை அடைப்பதற்காக ஜேன் ஆஸ்டின் கதையைச் சொன்னேன். அது நான் விட்ட பெரிய பிழை. 1803இல் ஒரு நாவலைப் பத்துப் பவுனுக்கு லண்டன் பதிப்பகம் ஒன்று வாங்கிக் கிடப்பில் போட்டுவிட்டது. ஆறு வருஷம் பொறுத்த அந்த அம்மாள் 1809இல், ஆஷ்டன் டெனிஸ் என்ற பொய்ப் பெயரில், பிரதி தொலைந்திருந்தால் இன்னொன்று தருகிறேன் என்று கடிதம் எழுதினாள். கையொப்பம் எம். ஏ. டி. சேர்த்து வாசித்தால் ஆங்கிலத்தில் விசர் என்று வரும், கடுங்கோபம் என்றும் வரும். அச்சிட எங்களுக்குக் காலக்கெடு ஒன்றும் இல்லை, வேண்டுமானால் கொடுத்த காசைத் தந்துவிட்டு எடுத்துக்கொண்டு போ என்று பதில் வந்தது. 1816இல்தான் காசு கொடுத்து மீட்டார்கள். 1817 கடைசியில் புத்தகம் வந்தபோது அவள் இறந்து ஐந்து மாதம்.

சேர் நீண்ட நேரம் பேசவில்லை. பிளேன்ரீ ஆறிப்போயிற்று. எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது.

"பத்துப் பவுன் முற்பணமாக் குடுத்திரிக்காங்கள்" என்றார் கடைசியில். பிறகு, "பொய்ப் பேரில எழுதினவ எண்டா சொன்ன நீ?"

அடுத்த நாள் வந்த தாளில் திருத்தம் இல்லை. படுவான்கரை வாசகர் ஒருவர் ஆசிரியருக்கு எழுதிய கடிதம். தங்கள் பத்திரிகையில் கிழக்கிலங்கைக் கதைகள் அருகிவருவது வேதனை அளிக்கிறது, குறிப்பாக இன்னார் போன்ற மூத்த எழுத்தாளர்களின் ஆக்கங்களைக் காணோமே. அந்த வாசகருக்கும் ஈமெயில் இல்லை. அவருடையதும் என்னுடையதில் இருந்தே போனது.

சொந்தமாகப் புத்தகம் போடுங்களேன் என்று எல்லாரையும் போல நானும் சொல்லிப் பார்த்தேன். 1966இல் 'மல்லிகை' சஞ்சிகையைத் தொடங்கிய டொமினிக் ஜீவா தெருவில் கொண்டுபோய் விற்கவில்லையா? மட்டக்களப்பில் படிப்பித்துக்கொண்டிருந்த எஸ்.பொ. பிற்காலத்தில் சென்னையில் மித்ர என்று தானே ஒரு பதிப்பகம் வைக்கவில்லையா? சேர் ஒத்துக்கொள்ளவில்லை. வெளியீட்டு விழா அவருக்குப் பிடிக்காது. மண்டபத்துக்குக் காசு, ஐந்து பேர் உரை, முதற்பிரதி வாங்க ஒரு வர்த்தகர், பிறகு பெயர் கூப்பிடக் கூப்பிட ஒவ்வொருவராக மேடை ஏறி என்வலப்பை நீட்டிப் புத்தகத்தை வாங்கி, படம் எடுத்து இறங்குவது. "கலியாண வீடு மாதிரி இரிக்கி. நான் கதை எழுதினது காசு சேக்கவா? முன்பின் தெரியாத ஒருத்தன் வாசிச்சு, இது நல்லம் எண்டு எடுத்துப் போடணும், மனே. அவ்வளவுதான்."

அதற்கு என்னிடம் பதில் இல்லை. அந்த முன்பின் தெரியாத ஒருத்தனை அவர் தேடத் தொடங்கி நாற்பது வருஷத்துக்கு மேல். முதல் நாவலை 1978 நவம்பர் சூறாவளி கூரையோடு கொண்டுபோயிற்று என்பார். நம் ஊரில் எழுதாத நாவல்கள் நிறைய அந்தக் காற்றில் போயிருக்கின்றன, ஆகையால் அதை நான் கணக்கில் எடுப்பதில்லை. ஆனால் பிறகு வந்த யுத்த வருஷங்கள் பொய்யில்லை. ரயில் நின்றது, பாதை பூட்டியது, தபால் எப்போது போகும் எப்போது வரும் என்று எவருக்கும் தெரியாது. போகிற வழியில் சோதனைச் சாவடியில் பையைத் திறந்து, எழுதிய தாளைக் கண்டு இது என்ன என்று சிங்களத்தில் கேட்டால், 'கதை' என்பதை எப்படி விளங்கப்படுத்துவது என்ற பயத்தில் பல மாதம் அனுப்பாமலே இருந்தாராம். பதில் வராததற்கு அப்போது ஒரு காரணம் இருந்தது. வராத கடிதத்தை வழியில் தொலைந்த கடிதம் என்று எவ்வளவு காலமும் நம்பலாம்.

இப்போது என்ன காரணம்? பாதை திறந்து கிடக்கிறது. 1924இல் கட்டிய கல்லடிப் பாலத்துக்குப் பக்கத்தில் 2013இல் புதுப் பாலமும் போட்டாயிற்று. ஈமெயில் போய்ச் சேர ஒரு செக்கன். கிடைத்தது, வேண்டாம் என்று ஒரு வரி அடிக்க அரை நிமிஷம். ஆசிரியர்களுக்கு வேலை கூட, சம்பளம் குறைவு, கதை வந்து குவிகிறது, எல்லாம் எனக்குத் தெரியும். அந்தக் காலத்து லண்டன்காரன் ஈவிரக்கம் இல்லாதவன்தான், ஆனாலும் அவன் பதில் போட்டான். எழுபது வயது மனிதர் விடியக் காலமை சைக்கிள் மிதித்து வந்து என் படலையில் நிற்பது அந்த அரை நிமிஷம் யாருக்கும் கிடைக்காததால். அந்த அரை நிமிஷத்தை நான் என் நித்திரையில் இருந்து கட்டிக்கொண்டிருக்கிறேன். ஆளாளுக்குச் செலவைத் தள்ளிவிடுகிற இந்தப் பழக்கம் எனக்குப் பிடிக்கவில்லை.

இதை எழுதத் தொடங்கியபோது இவ்வளவு கோபம் இருக்கவில்லை. செவ்வாய்க்கிழமை வந்த கடிதம்தான் காரணமோ தெரியவில்லை.

ஆம், பதில் வந்தது. இரண்டு வரி. தங்கள் சிறுகதை எமது தேவைக்குப் பொருந்தவில்லை. திருத்தங்கள் அனுப்புவதைத் தயவுசெய்து நிறுத்திக்கொள்ளவும். வருத்தம்கூட இல்லை.

புதன்கிழமை ஐந்தே முக்காலுக்கு மணி கேட்டது. சொல்வதற்குத்தான் எழும்பிப் போனேன். சட்டைப் பையில் இரண்டு பேனையும் இருந்தன. மழை வரும்போல இருந்ததால் தாளைப் பொலித்தீனுக்குள் வைத்திருந்தார்.

"என்ன மனே, பதில் ஒண்டும் வரல்லியா?"

"இல்ல சேர்."

"பாத்தியா? வேணாம் எண்டா இதுக்குள்ள சொல்லியிரிப்பாங்கள்." சைக்கிளை மதிலில் சாத்திவிட்டு உள்ளே வந்தார். "ஒள்ளுப்பம் வேலைதான். நாலாம் பக்கத்த எடு."