பில் கிளார்க்கின் ஐந்திணை: தேநீரை முன்வைத்து ஓர் ஆய்வு

அரசு அலுவலகத்தில் யார் யாருக்கு, எந்தத் தேதியில், எதற்காக டீ வாங்கித் தருகிறார்கள் என்னும் பொருளைத் தமிழாய்வு உலகம் தொடாமலே விட்டுவைத்திருக்கிறது. முனைவர் பட்டத்துக்குத் தலைப்புத் தேடி அலைகிறவர்கள் இதைக் கவனிக்கலாம். பொருள் பெரிது என்பதால் இக்கட்டுரை அதில் ஒரு கூற்றை மட்டும் எடுத்துக்கொள்கிறது. அது பில் கிளார்க்குக்கு வரும் டீ.

பில் கிளார்க் யார் என்பதை முதலில் வரையறுக்க வேண்டும். தமிழ்நாடு அரசின் பதவிப் பட்டியலில் அப்படி ஒரு பதவி கிடையாது. இளநிலை உதவியாளராகவோ உதவியாளராகவோ வேலைக்கு வந்தவர், அந்த நாற்காலிக்கு மாற்றப்பட்ட நாள் முதல் பில் கிளார்க் ஆகிறார். சம்பளப் பட்டியல், ஊதிய உயர்வு, விடுப்புக் கணக்கு, ஜி.பி.எப். முன்பணம், சங்கக் கடன் பிடித்தம், மாறுதலில் போகிறவருக்குக் கடைசி ஊதியச் சான்று, ஓய்வு பெறுகிறவருக்கு ஓய்வூதியக் கருத்துரு எல்லாம் அவர் தலையில். தனியார் கம்பெனியில் இந்த வேலைக்கு ஒரு மாடி முழுக்க ஆட்களும் கண்ணாடிக் கதவும் இருக்கும். இங்கே ஒரு மேசை, ஒரு கம்ப்யூட்டர், பக்கத்தில் சாவி தொலைந்துபோன ஒரு பீரோ.

ஆய்வுநெறி தொல்காப்பிய நெறியே. அகத்திணை மாந்தரைப் பெயர் சுட்டிச் சொல்லக்கூடாது என்பது பொருளதிகாரம் வகுத்த மரபு. நான் எடுத்துக்கொண்ட அலுவலகத்தின் பெயரையும் ஊரையும் சொல்லாமல் விட்டதற்கு அதுதான் காரணம். பணிமாறுதல் பயம் என்று நினைப்பவர்கள் இலக்கணம் அறியாதவர்கள்.

மாதத்தின் முதல் பத்து நாள் பாலை. உரிப்பொருள் பிரிதல். சம்பளம் கணக்கில் ஏறிவிட்டது. பில் கிளார்க்கை யாருக்கும் தெரியாது. மதியம் சாப்பிட்டுவிட்டு வரும் கூட்டம் அவர் மேசையைத் தாண்டித்தான் போகும், ஆனால் எல்லோர் கண்ணும் எதிர்ச்சுவரில் மாட்டியிருக்கும் காலண்டரில் இருக்கும். இந்நாட்களில் அவர் குடிக்கும் டீக்கு அவரே காசு கொடுக்கிறார். அடுத்து வரும் முல்லையில் ஆராய ஒன்றுமில்லை. காத்திருத்தல், அவ்வளவே.

பதினைந்தாம் தேதி வாக்கில் குறிஞ்சி பிறக்கிறது. பட்டியல் தயாராகும் காலம். அதுவரை முகம் திருப்பிப் போனவர்கள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்கிறார்கள். “தம்பி, பொண்ணு ப்ளஸ் டூதானே? நல்லாப் படிக்கிறாளா?” என்கிறார் ஒருவர். பில் கிளார்க்குக்கு இருப்பது பையன், அதுவும் ஆறாம் வகுப்பு. அவர் திருத்துவதில்லை. வந்தவருக்கு அடுத்த மாதம் ஊதிய உயர்வு என்பது அவருக்குத் தெரியும். தமிழ்நாட்டு அரசு ஊழியருக்கு ஆண்டு ஊதிய உயர்வு ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் ஆகிய நான்கு மாதங்களின் முதல் தேதிகளில் ஏதோ ஒன்றில் விழும். அளவு அடிப்படை ஊதியத்தில் 3 விழுக்காடு. அடிப்படை 40,000 என்றால் 1,200 ரூபாய் வாக்கில். இது தானாக வரவேண்டிய பணம், கேட்டுப் பெற வேண்டியதில்லை. ஆனாலும் கேட்காமல் இருந்தால் விட்டுப்போகும் என்ற நம்பிக்கை அரசு ஊழியரின் ரத்தத்தில் ஊறியது. அந்த நம்பிக்கையின் வடிவம்தான் இஞ்சி டீ.

இவ்விடத்தில் வகைப்பாடு அவசியம். கோரிக்கை டீ, நினைவூட்டு டீ, நன்றி டீ என மூவகை. கோரிக்கை டீயோடு வாழைக்காய் பஜ்ஜி வரும். நினைவூட்டு டீ தனியே வரும், கொஞ்சம் ஆறியிருக்கும். நன்றி டீ இலக்கணத்தில் உண்டு, வழக்கில் அரிது. தேநீரின் பொற்காலம் எது என்று மூத்த பில் கிளார்க்குகளைக் கேட்டால் ஊதியக் குழு வந்த வாரங்கள் என்பார்கள். ஏழாவது ஊதியக் குழுவையொட்டி 1-1-2016 அன்றைய ஊதியத்தை 2.57-ஆல் பெருக்கிப் புது ஊதியம் நிர்ணயித்து, 1-10-2017 முதல் கையில் பணமாகக் கொடுத்தார்கள். பெருக்கல் தெரிந்த ஒவ்வொருவரும் வீட்டிலேயே போட்டுப் பார்த்துவிட்டு வந்து, தான் போட்ட தொகைதான் சரி என்று நிறுவும்வரை எழுந்திருக்கவில்லை.

இந்தத் தேநீர் 1973-ஆம் ஆண்டு அரசு ஊழியர் நடத்தை விதிகளின் கீழ் என்னவாகும் என்ற கேள்விக்குள் ஆய்வாளர் இறங்கவில்லை. ஆய்வாளரும் குடித்திருக்கிறார்.

பட்டியல் கருவூலத்துக்குப் போனதும் மருதம். உரிப்பொருள் ஊடல். ஊடுவது கருவூலம். காரணம் எதுவாகவும் இருக்கலாம். கணக்குத் தலைப்பில் ஒதுக்கீடு போதவில்லை. தற்காலிகப் பணியிடத்துக்கு நீட்டிப்பு ஆணை வரவில்லை, அதனால் ஊதியக் கொடுப்பாணை வேண்டும். அலுவலர் மாறிவிட்டார், புதியவர் கையொப்பம் பதிவாகவில்லை. காகிதப் பட்டியல் காலத்தில் இன்னொன்றும் இருந்தது. பட்டியலின் குறுக்கே சிவப்பு மையில், தொகை இன்ன ரூபாய்க்கு உட்பட்டது என்று எழுத வேண்டும். 38,412 ரூபாய்ப் பட்டியல் என்றால் முப்பத்தொன்பதாயிரத்துக்கு உட்பட்டது என்று. இடையில் யாரும் ஓர் எண்ணைச் சேர்த்துவிடக் கூடாதே என்று வெள்ளைக்காரன் காலத்திலிருந்து வந்த காவல். அந்தச் சிவப்பு வரி விட்டுப்போனால் கருவூல வாசலிலேயே திருப்பிவிடுவார்கள். ஊடல் தீர்க்கத் தலைவன் பாணனை வாயிலாக அனுப்புவான் அல்லவா? அலுவலகம் தன் மூத்த உதவியாளரை அனுப்பும். அவருக்குக் கருவூலத்தில் ஒன்றுவிட்ட மைத்துனர் இருப்பார். இப்போது எல்லாம் திரையில் நடப்பதால் கருவூலத்தின் மறுப்பும் திரையில்தான் வருகிறது. மைத்துனர் இன்னும் இருக்கிறார்.

மாதத்தின் கடைசி வேலைநாள் நெய்தல். இதன் சிறுபொழுது எற்பாடு, அதாவது பொழுது சாயும் நேரம். கைப்பேசிகள் மேசைமேல் மல்லாந்து கிடக்கின்றன. ஒருவருக்கு ‘டிங்’ என்று குறுஞ்செய்தி வந்தால் அறையே திரும்பிப் பார்க்கும். “எந்த பேங்க் சார்?” என்ற கேள்வி எழும். வேறு வங்கிக்காரர்களின் இரங்கல் அப்போது தொடங்கி, நேரே பில் கிளார்க் மேசைக்கு வந்து சேரும். வங்கிக் கணினிக்கும் அவருக்கும் எந்த உறவும் இல்லை என்பதை அவர் விளக்க முயல்வதில்லை. “வந்துரும்ணே” என்கிறார். அன்றைய தினம் டீ வருவதே இல்லை என்பது இந்த ஆய்வின் உறுதியான முடிவுகளுள் ஒன்று.

பெரும்பொழுதில், அதாவது ஆண்டுக் கணக்கில், பிப்ரவரி தனித்து ஆராயத்தக்கது. இது ஐந்திணைக்குள் அடங்காது. பெருந்திணை, பொருந்தாக் காமம். அந்த மாதப் பட்டியலில்தான் வருமான வரியை முழுசாக நேர் செய்ய வேண்டும். பதினோரு மாதம் சிறிதுசிறிதாகப் பிடிக்கச் சொன்னால் கேட்காதவர்கள், பிப்ரவரி சம்பளத்தில் பாதி வரியாகப் போகும் என்றதும் எல்.ஐ.சி. ரசீதுகளையும் குழந்தையின் பள்ளிக்கட்டண ரசீதையும் அள்ளிக்கொண்டு வருகிறார்கள். இப்படிப்பட்ட ரசீதுகளுக்கான வரிக்கழிவுக்கு எல்லாம் சேர்ந்து ஒன்றரை லட்சம்தான் உச்சவரம்பு என்றால், “எனக்கு நாலு லட்சத்துக்கு இருக்கே” என்று வருந்துகிறார்கள். வாடகை ரசீது அதைவிடச் சுவையானது. ஆண்டு வாடகை ஒரு லட்சத்தைத் தாண்டினால் வீட்டுக்காரரின் பான் எண் வேண்டும் என்று தெரிந்ததும், அவ்வளவு நாள் மாதம் பன்னிரண்டாயிரம் கொடுத்ததாகச் சொன்னவர் சட்டென்று எட்டாயிரத்து முந்நூறுக்கு இறங்கிவிடுகிறார். வீட்டுக்காரர்கள் வாடகையைக் குறைக்கும் ஒரே மாதம் பிப்ரவரி. புதிய வரிமுறை வந்தபின் இந்த ரசீது இலக்கியம் மெலிந்துவருவது வருந்தத்தக்கது.

தொழில் வரி ஆண்டுக்கு இருமுறை பிடிக்கப்படுகிறது. அரசியலமைப்பின் 276-ஆம் பிரிவு அதற்கு வைத்த உச்சவரம்பு ஆண்டுக்கு 2,500 ரூபாய், 1988 முதல். உயராத ஒரே பிடித்தம் இதுதான் என்று பில் கிளார்க்குகள் இதன்மேல் தனிப் பிரியம் வைத்திருக்கிறார்கள்.

களஞ்சியம் என்னும் மென்பொருள் வந்தபின் தேநீர் குறைந்ததா என்று கேட்பவர்கள் உண்டு. ஊழியரின் வரலாறு, விடுப்பு, ஊதியம் எல்லாம் இப்போது அந்த மென்பொருளில். தொடங்குபவர் ஒருவர், சரிபார்ப்பவர் ஒருவர், ஒப்பளிப்பவர் ஒருவர் என்று மூன்று படி தாண்டிப் பட்டியல் போகிறது. மனிதர் தேவையற்றுப் போவார் என்றார்கள். நடந்தது வேறு. முன்பெல்லாம் சம்பளப் பட்டியலை எவரும் படித்ததில்லை. கையில் வந்த ரூபாயை எண்ணியதோடு சரி. இப்போது சம்பளச் சீட்டு கைப்பேசியில் வருவதால் ஆளுக்கு ஆள் தணிக்கையாளர் ஆகிவிட்டார்கள். குடும்ப நலநிதிக்கு எவ்வளவு, நலக்காப்பீட்டுக்கு ஏன் இவ்வளவு, 2003 ஏப்ரல் 1-க்குப் பின் சேர்ந்ததால் அடிப்படையிலும் அகவிலைப்படியிலும் பத்து விழுக்காடு பிடிக்கிறீர்களே, அது எங்கே போகிறது என்று வரிவரியாகக் கேட்கிறார்கள். கடைசிக் கேள்விக்குப் பதில் பில் கிளார்க்கிடம் இல்லை. அவருக்கும் அதே பிடித்தம்தான்.

இவ்வளவும் விளையாட்டு. பணிப்பதிவேடு விளையாட்டல்ல. எஸ்.ஆர். என்று வாயில் வழங்கும் அந்தத் தடித்த புத்தகத்தில் பிறந்த தேதி, அங்க அடையாளம், இடதுகை விரல் ரேகை தொடங்கி ஒருவரின் முப்பது வருடமும் இருக்கிறது. பிறந்த தேதியை மாற்றக் கோரினால் வேலையில் சேர்ந்த ஐந்தாண்டுக்குள் கோர வேண்டும். அதற்குப் பிறகு தலைமையாசிரியர் அன்று பள்ளியில் போட்ட தேதிதான் தேதி. ஓய்வு வயது 2020-இல் 58-லிருந்து 59, 2021-இல் 60 ஆனபோது இந்தப் பக்கத்தைத் தேடி வந்த கூட்டத்தைப் பார்த்திருக்க வேண்டும். மாதத்தின் முதல் தேதியில் பிறந்தவர் முந்தைய மாதக் கடைசி நாளிலேயே ஓய்வு பெறுகிறார் என்னும் விதியை ஜூன் 1 அன்று பிறந்த ஒருவருக்குச் சொல்லிப் புரியவைப்பது பில் கிளார்க்கின் வேலைகளிலேயே கடினமானது.

ஓய்வுக்கு ஆறு மாதம் இருக்கும்போதுதான் பலர் தம் பணிப்பதிவேட்டை முதன்முதலாகப் பார்க்கிறார்கள். 1998-இல் எடுத்த மருத்துவ விடுப்பு பதியப்படவில்லை. ஓராண்டுக்குப் பணி சரிபார்ப்புக் குறிப்பு இல்லை. ஒரு பதவி உயர்வின்போது ஊதியம் ஒரு படி கூடுதலாக நிர்ணயிக்கப்பட்டு, இருபது வருடம் மிகை ஊதியமாக ஓடியிருக்கிறது. நிர்ணயித்தவர் ஓய்வு பெற்றுப் பேரனைப் பள்ளிக்கு அழைத்துப் போய்க்கொண்டிருக்கிறார். சி, டி பிரிவு ஊழியரிடமும், ஓய்வு பெற்றவரிடமும், ஓராண்டுக்குள் ஓய்வு பெற இருப்பவரிடமும் இப்படிப்பட்ட மிகை ஊதியத்தைத் திரும்பப் பிடிப்பது முறையன்று என்று 2014 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் பஞ்சாப் அரசு தொடர்பான வழக்கில் சொல்லியிருக்கிறது. ஆனால் தணிக்கைத் தடை எழுதுகிறவர் பேனா அதற்காக நிற்பதில்லை. ஓய்வூதியக் கருத்துரு கிடக்கும். அந்த மாதங்களில் வரும் டீ எந்தத் திணையிலும் சேராது. குடிக்கவும் கஷ்டமாக இருக்கும்.

ஆகவே இதைப் படிக்கும் அரசு ஊழியர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஆண்டுக்கு ஒருமுறை பணிப்பதிவேட்டை உங்களிடம் காட்டிக் கையொப்பம் பெற வேண்டும் என்பது விதி. போய்க் கேளுங்கள், உட்கார்ந்து பக்கம் பக்கமாகப் பாருங்கள், விட்டுப்போனதை அன்றே பதியச் சொல்லுங்கள். மாதத்தின் முதல் பத்து நாளுக்குள் போங்கள், அப்போதுதான் அவருக்கு நேரம் இருக்கும். டீ வாங்கிப் போவது உங்கள் விருப்பம். சர்க்கரை போடலாமா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.